இரண்டு முறை தொலைந்த குடை

என் அண்ணி பைண்டிங் கடையில் புத்தகம் தைக்கிறாள். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். ஒரு புது நாவலில், கதாநாயகன் குடையைத் தொலைக்கிற ஃபாரத்தை ஐந்து பிரதிகளில் இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டாள். ஐந்தும் நூலகத்து வாசகர் கூட்டத்துக்குப் போய்விட்டன. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அவற்றைத் திரும்ப வாங்கிவர, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

நாங்கள் கடைசி வரிசையில் ஒண்டிக்கொண்டோம்.

"குடை ஏன் மறுபடியும் தொலையுது?" என்றார் கூட்டத்தை நடத்திய பேராசிரியர். "மனுஷன் செஞ்ச தப்பையேதான் திரும்பச் செய்வான். அதுக்கு உருவகம்தான் குடை."

எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி எழுந்து நின்றாள்.

"ஐயா, தப்பு என்னோடது. ஒரே ஃபாரத்தை ரெண்டு தடவை தச்சுட்டேன். புத்தகத்தைக் குடுங்க, மாத்தித் தரேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, உங்க கைக்குத் தெரிஞ்சது எழுதினவருக்கே தெரியலையே!"

அந்தப் பிரதிகளை வைத்திருந்த ஐந்து பேரும் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். ஆறாவதாக வந்திருந்த தபால்காரர் மட்டும் தன் பிரதியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"என்னோடதுல குடை ஒரு தடவைதாம்மா தொலையுது. மாத்திக் குடுங்க. இல்லேன்னா உங்க முதலாளிகிட்டயே கேட்டுக்கறேன்."

மறுநாள் அண்ணி அதே தப்பை, இந்தத் தடவை கவனமாகச் செய்தாள்.