பூட்டக்கா கழற்றிய இரண்டு பலகைகள்

பூட்டக்காவை நான் முதலில் பார்த்தது டிக்கெட் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான். பறவைக் காப்பகங்களின் வரவு செலவு பற்றி ஒரு கணக்கெடுப்பு. கையில் இருபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம். முதல் கேள்வி பெயர், இரண்டாவது பதவி.

"எந்த வருஷத்துப் பதவி தம்பி?" என்றார் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்.

"இப்ப இருக்கறதுதாங்க."

"இப்ப டிக்கெட் கிழிக்கறேன். போன வருஷம் வந்திருந்தா மேலாளர்னு எழுதியிருப்பீங்க. உங்க கட்டம் சின்னதா இருக்கே, ரெண்டும் கொள்ளுமா?"

அதற்குள் ஒரு குடும்பம் காரிலிருந்து இறங்கி ஓடி வந்தது. ஏரி எங்கே, பறவை எங்கே என்றெல்லாம் கேட்கவில்லை. கழிப்பறை எங்கே என்று கேட்டது. அவர் தலையைத் திருப்பாமலே கையை மட்டும் நீட்டிக் காட்டினார். "எட்டாவது கேள்வி என்ன போட்டிருக்கீங்க? மிகப் பெரிய செலவு எதுன்னா? கழிப்பறைன்னு எழுதிக்குங்க. நாரைக்கு நாங்க ஒரு பைசா கொடுக்கறதில்ல. அது பாட்டுக்கு வருது, அது பாட்டுக்குப் போகுது. மனுஷன் வந்தாத்தான் எல்லாச் செலவும். மனுஷன் வரலைன்னா எங்களுக்குச் சம்பளம் கிடையாது. இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

அந்தப் படிவம் கடைசிவரை நிரம்பவில்லை. அதில் எழுத இடமில்லாமல் போனதுதான் இது.

பதினோரு வருடம் அவர் அந்தக் காப்பகத்தின் மேலாளராக இருந்தார். ஓர் ஏரி, நடுவில் மரங்கள் அடர்ந்த ஒரு தீவு, கரையில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு பார்வைக் கோபுரம், ஒரு தேநீர்க் கடை, நான்கு காவலர்கள். நடத்துவது ஓர் அறக்கட்டளை. அதன் அலுவலகம் நகரத்தில் ஐந்தாவது மாடியில். அங்கிருந்து ஏரி தெரியாது. அங்கே உட்கார்ந்திருக்கும் பொருளாளர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து, செருப்பில் சேறு படாமல் கோபுரத்தில் ஏறி இறங்கி, "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டுப் போவார். போன பிறகு ஒரு கடிதம் வரும். அதில் அருமை இருக்காது.

சென்ற வருடக் கடிதம் இரண்டே வரி. பார்வையாளர் எண்ணிக்கை மூன்றாவது வருடமாக இறங்குகிறது. பருவம் முடிவதற்குள் முப்பதாயிரம் பேர் வராவிட்டால் நான்கு காவலர்களில் இருவரை நிறுத்த வேண்டியிருக்கும்.

அக்கா உடனே பொருளாளருக்குப் போன் போட்டார். "சார், குஞ்சு பொரிக்கற ஆறு வாரம் படகு விடக்கூடாது, கூட்டம் சேர்க்கக்கூடாதுன்னு போன வருஷம் சொன்னது நீங்கதானே?"

"ஆமாம், அது பாதுகாப்புக் குழு."

"இப்ப கூட்டம் ஏன் குறைஞ்சுதுன்னு கேக்கறது?"

"அது நிதிக் குழு."

"ரெண்டு குழுவுலயும் யார் யார் சார் இருக்காங்க?"

"ரெண்டுலயும் நாங்கதாம்மா," என்றார் பொருளாளர், அதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

அக்கா போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். எதிரே தலைமைக் காவலர் நின்றிருந்தார். வெயிலோ மழையோ ஒரே துணித் தொப்பி என்பதால் அவருக்குத் தொப்பி என்றே பேர். "ரெண்டு பேர்னா யார் அக்கா?" என்று மட்டும் கேட்டார். நான்கு பேரில் மூத்தவர் அவர்; வயதைச் சொல்லி முதலில் கழற்றிவிடுவது அவரைத்தான் என்பது இருவருக்கும் தெரியும். அக்கா கடிதத்தை மடித்து மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார்.

கூட்டம் வராததற்குக் காரணம் கருத்துப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. பறவைகள் தீவில் இருந்தன, கோபுரம் இந்தக் கரையில் இருந்தது. "வெள்ளையாக ஏதோ தெரிந்தது, பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "பறவைகளை முன்னால் வரச் சொல்லவும்" என்று இன்னொருவர். அதைப் படித்துவிட்டு அக்கா புத்தகத்தைத் தூக்கி அலமாரிக்கு மேல் எறிந்தார். மறுநாள் அவரே ஏணி போட்டு ஏறி எடுத்து, அந்த வரியை இன்னொரு தடவை படித்தார்.

முன்னால் வரச் சொல்ல ஒரு வழி இருந்தது. ஏரியின் மதகில் மரப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். மேலே இரண்டைக் கழற்றினால் தண்ணீர் முழங்கால் அளவு இறங்கும். இறங்கினால் கோபுரத்துக்குக் கீழே சேற்றுத் திட்டு தலைகாட்டும். சேற்றில் நத்தை இருக்கும், மீன் மாட்டும். நாரைகள் இரை தேடிக் கோபுரத்தின் காலடிக்கே வந்துவிடும்.

"அக்கா, தண்ணி இறங்கினா தீவு தீவா இருக்காது," என்றார் தொப்பி.

"ரெண்டே ரெண்டு பலகைதான்."

"எத்தனை பலகைன்னு உங்களுக்குத்தான் தெரியும். நாய்க்கு எண்ணத் தெரியாது."

"முப்பதாயிரம் வரலைன்னா உங்க பேரைத்தான் முதல்ல எழுதுவாங்க. அது தெரியுதா உங்களுக்கு?"

தொப்பி தொப்பியைக் கழற்றித் தூசு தட்டி மறுபடி போட்டுக்கொண்டார். மதகுச் சாவியை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

நான்காவது நாள் நாரைகள் வந்தன. பத்தாவது நாள் கூழைக்கடாக்களும் வந்தன. அதன் பிறகு மனிதர்கள். செல்போனில் எடுத்த படம் ஊர் முழுக்கச் சுற்றியது. தேநீர்க் கடையில் வரிசை, வண்டி நிறுத்துமிடத்தில் சண்டை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டாயிரம் பேர். பொருளாளர் போன் போட்டு, "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுது," என்றார். அக்காவுக்கு அன்று அவர்மேல் கோபம்கூட வரவில்லை. எண்ணிக்கை இருபத்தேழாயிரத்தைத் தொட்டிருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கப்போகிறது. மீதியெல்லாம் கைக்கு எட்டும் தூரம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை தொப்பி அலுவலகத்துக்கு வந்து, வாங்க என்று தலையை மட்டும் ஆட்டினார்.

தீவின் பின்பக்கம், கோபுரத்திலிருந்து தெரியாத இடத்தில், தண்ணீருக்குள் ஒரு பழைய மண் பாதை இருந்தது. ஏரியைப் பெரிதாக்குவதற்கு முன் அதில் வண்டிகள் போயிருக்கின்றன. அக்கா அந்தக் காப்பகத்துக்கு வந்த நாளிலிருந்து அது தண்ணீருக்கு அடியில்தான் கிடந்தது, வரைபடத்திலும் கிடையாது. இப்போது அது முதுகைக் காட்டிக்கொண்டு கரையிலிருந்து தீவுவரை நீண்டிருந்தது. ஈர மண்ணில் நாய்க் கால்தடங்கள். போனவை, திரும்பி வந்தவை. தாழ்ந்த கிளைகளில் ஏழு கூடுகள் காலி.

"திட்டணும்னா திட்டிடுங்க," என்றார் அக்கா.

"திட்டினா தண்ணி ஏறுமா?" என்றார் தொப்பி.

ஏறாது. பலகைகளை அன்றே திரும்பப் போட்டார்கள். ஆனால் மழை ஓய்ந்துவிட்டது. ஏரிக்கு வரும் வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும், அடுத்த முறைக்கு மூன்று வாரம். வாய்க்கால் அலுவலகத்தில் கெஞ்சிப் பார்த்தார். "பறவைக்கு எத்தனை ஏக்கர் மேடம்?" என்று கேட்டார்கள். வேலி போட நகரத்து அலுவலகத்தில் கேட்டார். மூன்று பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் வெளியூர் போயிருந்தார். கூடுகளில் இன்னும் நானூறுக்கு மேல் குஞ்சுகள், ஒன்றுக்கும் இன்னும் பறக்கத் தெரியாது.

நாயைத் தடுக்க ஒரே வழி, மண் பாதையில் ஆள் நிற்பது. காலை ஆள், மாலை ஆள், இரவு ஆள், மாற்றாள் என்று பார்த்தால் நான்கு பேரும் வேண்டும். நான்கு பேரும் அங்கே போய்விட்டால் கோபுரத்தில் ஆளில்லை. ஆளில்லாவிட்டால் மக்கள் சேற்றில் இறங்கி நாரையோடு நின்று படம் எடுப்பார்கள். ஏற்கெனவே ஒருவர் இறங்கி, ஒரு செருப்பை விட்டுவிட்டு வந்திருந்தார்.

கதவைத் திறந்து வைத்தால் முப்பதாயிரம் வரும், தொப்பிக்கும் இன்னொருவருக்கும் வேலை நிலைக்கும். பூட்டினால் குஞ்சுகள் பறக்கும். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்குப் பெரிய கதவை இழுத்துச் சாத்திப் பூட்டு போட்டார். சாவியை அடையாள அட்டையோடு கழுத்தில் மாட்டிக்கொண்டார். "மூடப்பட்டுள்ளது" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டுவிட்டு, அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

மூன்று வாரம் அந்த நாற்காலியில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

"மூடியிருக்கா?"

"அட்டையில போட்டிருக்குங்க."

"படிச்சேன். நிஜமாவே மூடியிருக்கான்னு கேட்டேன்."

இன்னொருவர், "நாங்க ரொம்ப தூரத்துலேருந்து வரோம்," என்றார். "நாரையும்தான்," என்றார் அக்கா. ஐம்பது பிள்ளைகளோடு வந்த பள்ளிப் பேருந்தைத் திருப்பி அனுப்பியபோது மட்டும் நாற்காலியை விட்டு எழுந்து, அது திருப்பம் தாண்டும்வரை நின்றார். ஒரு வேன் ஓட்டுநர் போகிற போக்கில், "பூட்டக்கா, வீட்லயும் இப்படித்தானா?" என்று கத்திவிட்டுப் போனார். அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அன்று மாலையே வந்து, "உனக்குப் புதுப் பேரு வச்சிருக்காங்க, என் பஸ்ல எல்லாரும் அதைத்தான் பேசறாங்க," என்றார். "நீங்க என்ன சொன்னீங்க?" "டிக்கெட் எடுத்தவங்க என்ன வேணா பேசலாம்னு விட்டுட்டேன்."

பொருளாளர் தினம் இரண்டு வேளை போன் போட்டார். "யாரைக் கேட்டு மூடினீங்க?" என்பதே எல்லா அழைப்பிலும் கேள்வி.

"பாதுகாப்புக் குழுவைத்தான் சார். கூட்டம் சேர்க்கக்கூடாதுன்னு உங்க கையெழுத்துல கடிதம் இருக்கு."

வாய்க்கால் தண்ணீர் ஒருவழியாக வந்து மண் பாதை மறுபடி முழுகியது. அதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. அடுத்த சில நாட்களில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தொப்பி எண்ணி வந்து சொன்னார்: முந்நூற்றுத் தொண்ணூறு.

ஐந்தாவது மாடிக் கூட்டத்தில் பொருளாளர் படித்தது வேறு எண். "இருபத்தேழாயிரத்து நூற்று நாற்பது. முப்பதாயிரம் சொல்லியிருந்தேன்."

"குஞ்சு எத்தனைன்னு யாரும் கேக்கலையே சார்?"

"அதுக்கு இந்தத் தாள்ல கட்டம் இல்லம்மா."

"சரி. பலகையைக் கழட்டினது நான். கதவைப் பூட்டினதும் நான். காவலர் யாரும் எதுவும் பண்ணலை. உங்களுக்கு ரெண்டு பேர் சம்பளம் மிச்சமாகணும், அவ்வளவுதானே? என் சம்பளம் அதைவிடக் கொஞ்சம் கூட. என்னை எடுத்துடுங்க."

அவர்கள் மறுப்பார்கள் என்று ஓர் ஓரத்தில் எதிர்பார்த்தார். மறுக்கவில்லை. நன்றி சொல்லி, தேநீர் கொடுத்தார்கள். டிக்கெட் ஜன்னலுக்குத் தினக்கூலியில் ஓர் ஆள் போடலாம் என்றும் அதே கூட்டத்தில் முடிவானது. மறுநாள் காலை வந்த ஒரே விண்ணப்பம் அவருடையது.

"அக்கா, எனக்காகவா?" என்று தொப்பி கேட்டபோது, "உங்களுக்காக இல்ல. மதகுல பலகை போடத் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது வேணும்," என்று எரிந்து விழுந்தார்.

இப்போது அவர் டிக்கெட் ஜன்னலில் இருக்கிறார், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. நான்கு காவலர்களும் வேலையில் இருக்கிறார்கள். மேலாளர் நாற்காலி காலி. பொருளாளர் நகரத்திலிருந்து போனிலேயே மேலாளராக இருக்கிறார், எது வேண்டுமானாலும் டிக்கெட் ஜன்னலுக்குத்தான் அழைக்கிறார். கதவின் சாவி தொப்பியிடம் இருக்கிறது. மதகின் சாவி பூட்டக்காவின் கழுத்தில்.