எனக்காக அறுத்த வாசற்படி

இந்த நாட்டுக்காரர்கள் படிகளை எண்ணுவதில்லை. தொலைபேசியில் கேட்டால், "படியே கிடையாது, தாராளமாக வாருங்கள்" என்பார்கள். போய் இறங்கினால் வாசலில் மூன்று படிகள் நிற்கும். நேற்று வேலை விஷயமாக இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடலோரப் பட்டினத்துக்கு வந்தபோதும் அதுதான் நடந்தது. சக்கர நாற்காலிக்காரன் என்பதால் ரயிலில் என்னை கார்ட் பெட்டியில், சைக்கிள்களுக்கும் தபால் மூட்டைகளுக்கும் நடுவில்தான் ஏற்றுவார்கள். அப்படிக் குளிரில் விறைத்து ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தால், வரவேற்புப் பெண்மணி என்னைப் பார்த்தாள், படிகளைப் பார்த்தாள், "ஓ, இவற்றையா கேட்டீர்கள்?" என்றாள். தன் வாசலில் படி இருப்பதை அவள் நேற்றுத்தான் கண்டிருக்க வேண்டும்.

"நாலு பேர் பிடித்தால் தூக்கிவிடலாமே" என்றேன். ஊர்ப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அவள் மிரண்டு போனாள். தூக்க அனுமதியில்லை, விழுந்தால் யார் பொறுப்பு என்றாள். பிறகு மிகுந்த அன்போடு ஒரு கோப்பை தேநீரை வாசலுக்கே கொண்டுவந்து தந்துவிட்டு, வேறு ஹோட்டல்களை விசாரிக்க உள்ளே போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் தெருவில் இருந்து தேநீர் குடித்தேன். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களே, இங்கே யாரும் கெட்டவர்களில்லை. ஆனால் யாரும் தொடமாட்டார்கள்.

என் ஊர் சாய்ந்தமருதிலிருந்து இரண்டு கால்களால் நடந்து புறப்பட்டவன் நான். கணக்கியல் படிக்க லண்டன் வந்த இரண்டாம் வருடம் ஒரு லொறி மோதியது. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. அதன் பிறகு என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நூல் இருக்கிறது. தங்கச்சி அனுப்பிய மருதமுனைக் கைத்தறிச் சாறன் பார்சலைக் கட்டியிருந்த தறிநூல் அது. நாற்காலி நுழைய எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவில் அதில் முடிச்சுப் போட்டிருக்கிறேன். எந்த ஹோட்டலிலும் முதலில் கழிவறைக் கதவில் அதைப் பிடித்துப் பார்ப்பேன். பிறகுதான் கோட்டைக் கழற்றுவது.

எண்பத்தொன்றில் ஊருக்குப் போக ஆசைப்பட்டபோது, அதேபோல் இன்னொரு நூலில் முடிச்சிட்டு, தங்கச்சியின் கணவரான மச்சானுக்குத் தபாலில் அனுப்பினேன். பக்கத்துக் கல்முனையில் இந்த அகலத்துக்குக் கதவுள்ள ஒரு லொட்ஜ் பாருங்கள் என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. வாப்பாவின் வீடு தங்கச்சியின் கலியாணத்தோடு அவளுடையதாகிவிட்டது. ஆண்பிள்ளைக்கு வீடு மனைவி வழியாக வரும். எனக்கு மனைவி இல்லை, ஆகவே வீடும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. கழிவறைக்குப் போக நாலு பேரைக் கூப்பிடாமல், ஒரு தடவையாவது நானாகப் போய்வர வேண்டும். அதை எழுத வெட்கமாக இருந்தது.

தங்கச்சி கொதித்துப் போனாள். "என்ட வீடு இரிக்கக்குள்ள காசு குடுத்துப் படுக்கப் போறீங்களா காக்கா? ஊர் என்ன கதைக்கும்?" என்று அண்ணனான எனக்குத் தனிக் கடிதம் போட்டாள். மச்சான் மட்டும் நூலை எடுத்துக்கொண்டு லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கியிருக்கிறார். அவர் பேசுவதுபோலவே எழுதுபவர். "ஒண்டும் சரிவரல்ல மச்சான். ஒண்டு மேல்மாடி, ஒண்டுல கக்கூசு வளவுக்கு அங்கால. ஒரு முதலாளி, செத்தவங்கட மையித்துத் தூக்கிற சந்தூக்கு போகுமா எண்டா அளக்கிறீங்க எண்டு கேட்டான். கடைசியா நூல எங்கட சுவருல வெச்சுப் பாத்தன். நீங்க வாங்க."

போனேன். முன்வாசலில் என்னைத் தூக்க ஒன்பது பேர் நின்றார்கள். பின்னறையில், மச்சான் சுவரை இடித்து முற்றத்துப் பக்கம் புதுக்கதவு போட்டிருந்தார். முடிச்சின் அளவு அச்சொட்டாக இருந்தது. அங்கிருந்து கழிவறை வரைக்கும் சீமெந்துப் பாதை. ஆனால் கதவு நிலையின் அடியில் மூன்று அங்குல மரப்படி. என் சின்னச் சக்கரங்கள் அதில் முட்டி நின்றன.

"அகலம் சொன்னீங்க, படியச் சொல்லல்லயே மச்சான்" என்றார். முகம் வாடிவிட்டது.

"மறந்திட்டன்" என்றேன்.

உண்மைதான். இருபத்திரண்டு வருடம் அந்த ஊரில் படி தாண்டியவை என் கால்கள். அவைதான் அதை நினைவில் வைத்திருந்தன, நான் அல்ல. எனக்கு அழுகை வந்தது. ஒன்பது பேரும் தூக்க ஓடிவந்தார்கள். மச்சான் கையை நீட்டி மறித்துவிட்டு மரம் அறுக்கும் வாள் எடுத்து வந்தார். "படி இல்லாத நிலையா?" என்று யாரோ சிரித்தார்கள். அவர் குந்தி இருந்து அறுத்தார். அன்று பின்னேரம் நான் தனியாகப் போய், தனியாகத் திரும்பி வந்தேன்.

அந்தப் பெண்மணி தேடித் தந்த ஹோட்டலில் இருந்துதான் இதை எழுதுகிறேன். கதவு முடிச்சுக்கும் மேலே அகலம். நேற்று வந்ததிலிருந்து ஒருவரும் தட்டவில்லை. மேசையில், கையோடு கொண்டுவந்த தங்கச்சியின் கடிதம் கிடக்கிறது. "மாரிக்கு ஒங்கட கதவால தண்ணி உள்ள வருகுது காக்கா. மரவேலை ஓடாவி படி வைக்க வந்தாரு, ஒங்கட மச்சான் வேணாமெண்டிட்டாரு. சாக்கு போட்டுப் பிழியிறம். எப்ப வாறீங்க?"

நான் ஊர் போய்வந்து ஐந்து வருடமாகிவிட்டது. நாட்டு நிலைமையும் என் உடம்பும் சேர்ந்து வழி விடவில்லை. படியை வையுங்கள் என்று எழுதினால், இனி வரமாட்டேன் என்று எழுதியதாகிவிடும். வருகிறேன் என்று எழுதவும் கை ஓடவில்லை. வெளியே நல்ல மழை. இந்த அறைக்குள் ஒரு துளிகூட வரவில்லை.