ஏழாம் நாள் வந்த வலிப்பு

லோரெத் வாயை மூடியிருந்தால் வலிப்பு வரப்போகிறது என்று அர்த்தம். கராக்கெட் என்ற கடலோர ஊரின் நண்டு ஆலையில் எல்லோருக்கும் இது தெரியும். ஓடு பிரித்துக்கொண்டே அவள் ஊர்க்கதை பேசுவாள்; பேச்சு பாதியில் நிற்கும்; இடது கைவிரல்கள் ஒன்றையொன்று தேய்க்கத் தொடங்கும். பக்கத்தில் நிற்பவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு தாங்குவதற்குள் லோரெத் ஈரத்தரையில் விழுந்திருப்பாள்.

பத்தொன்பது வயதில் தொடங்கியது. ஏழு வகை மாத்திரை மாற்றியும் வாரத்துக்கு இரண்டு முறை வந்தது. கார் ஓட்டும் உரிமம் போயிற்று. மாத்திரை கருவைக் கெடுக்கும் என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே பிள்ளை பெறும் வயது போயிற்று. கொதிநீர்த் தொட்டியருகே ஒருமுறை சாய்ந்ததில் வேலையும் போயிற்று. கணவன் ஈவோன் நண்டுப் படகில் போகிறவன். அவன் கடலில் இருக்கும் நாட்களில் அவளுடைய தங்கை எவ்லின் காலையும் மாலையும் வந்து பார்த்துப் போவாள்.

நாற்பத்தோரு வயதில் மொன்றியாலில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பத்து மணி நேரம் ஈவோன்தான் வண்டி ஓட்டினான்.

"எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு இது. மூளையில எங்க கிளம்புதுன்னு தெரிஞ்சா அந்த இடத்தை மட்டும் எடுத்துடலாம்" என்றார் டாக்டர் போலியோ. நிதானமாகப் பேசுகிற அம்மாள்.

முதலில் எடுத்த மூளைப் படத்தில் ஒரு கோளாறும் தெரியவில்லை.

"பாத்தியா, உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்றாள் லோரெத்.

"இதை நான் கல்யாணத்தன்னைக்கே சொன்னேன்" என்றான் ஈவோன்.

அடுத்த சோதனைக்கு வலிப்பு வந்தாக வேண்டும். வந்த சில நொடிகளுக்குள் ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினால், மூளையில் வலிப்பு மூண்ட இடத்தில் அது போய்த் தங்கும். பிறகு எடுக்கும் படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். மாத்திரைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். தலையெல்லாம் வயர் ஒட்டினார்கள். மிரேய் என்ற நர்ஸ் ஊசியுடன் காலை முதல் மாலை வரை கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். அந்த மருந்து ஒரு நாளைக்குத்தான் தாங்கும். தினமும் காலையில் புதிதாக வரும், மாலையில் வீணாகும்.

ஆறு நாள் ஒன்றும் வரவில்லை.

இருபத்திரண்டு வருடமாக வரக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஈவோன், இப்போது வரட்டும் என்று வேண்டிக்கொண்டான். அப்படி வேண்டிக்கொள்வது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"இவளுக்கு வேடிக்கை பாக்க ஆள் இருந்தா பிடிக்காது" என்றான் மிரேயிடம்.

"நீங்க வேணா கொஞ்சம் சண்டை போட்டுப் பாருங்களேன்" என்றாள் அவள்.

"அவன் சண்டை போட்டா எனக்குத் தூக்கம்தான் வரும்" என்றாள் லோரெத்.

ஏழாம் நாள் பதினொரு மணிக்கு, படகு முதலாளி மனைவியின் புதுப் பல்செட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த லோரெத்தின் பேச்சு பாதியில் நின்றது. விரல்கள் ஒன்றையொன்று தேய்த்தன. ஈவோன் எழுந்திருப்பதற்குள் மிரேய் ஊசியை ஏற்றிவிட்டாள். லோரெத்தின் உடம்பு கட்டிலை உலுக்கியது. "கிடைச்சிடுச்சு" என்று மிரேய் சிரித்தாள். ஈவோனும் சிரித்துவிட்டான். மனைவியின் வாயோரம் நுரை தள்ளிக்கொண்டிருக்கும்போது சிரித்தோமே என்று பிறகு கழிவறைக்குப் போய் அழுதான்.

இடம் தெரிந்தது. மூளையின் இடது பக்கம், காதுக்கு மேலே. அப்புறம் இன்னொரு படம். அதற்காக அவளை ஸ்கேன் குழாய்க்குள் படுக்கவைத்து நாற்காலி, பூனை, குடை என்று படம் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அவள் சொற்களைத் தேடும்போதெல்லாம் வலிப்பு மூண்ட அதே இடம்தான் வேலை செய்தது.

டாக்டர் போலியோ திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்லை. வெட்டினா வலிப்பு நிக்கலாம். ஆனா பேச்சு போகும். எவ்வளவு போகும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. வெட்டாம விட்டாலும் ஆபத்து இருக்கு. தூக்கத்துலயே உயிர் போறவங்க உண்டு. அதை உங்ககிட்ட நான் மறைக்கக் கூடாது."

லோரெத் வெகுநேரம் படத்தைப் பார்த்தாள்.

"செஞ்சுக்கோயேன்" என்றான் ஈவோன். "பேசாட்டியும் பரவால்ல. நீ இருந்தாப் போதும்."

"நான் பேசாம இருந்தா நம்ம வீட்டுல யாரு பேசுவா, நீயா?"

ஊர் திரும்பும் வழியில் பெட்ரோல் போட நின்றபோது இன்னொரு முறை கேட்டான். "வேண்டாம் ஈவோன். என்கிட்ட மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள். கேலியில்லாமல் அவள் பேசியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வருடம் கழித்து, ஏப்ரலில், நண்டுப் பருவத்தின் இரண்டாம் வாரம், அவன் கடலில் இருந்தான். காலையில் வந்த எவ்லின் அவளைக் கட்டிலில் குப்புறக் கிடக்கக் கண்டாள். உடம்பு சில்லிட்டிருந்தது. படகு கரை சேர ஒன்பது மணி நேரமாயிற்று.

அடக்கம் முடிந்து மாதாகோயில் கூடத்தில் கோழி சூப் பரிமாறினார்கள். எவ்லின் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ கட்டாயப்படுத்தியிருந்தா ஆபரேஷன் செஞ்சுக்கிட்டிருப்பா, அத்தான்."

"ரெண்டு தடவை கேட்டேன்."

"அவளுக்கு ரெண்டு தடவை பத்தாதுன்னு உனக்குத் தெரியாதா?"

ஈவோன் கரண்டியைக் கீழே வைத்தான். "தெரியும். அவ வேண்டாம்னு சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு, எவ்லின். அவ பேச்சு இல்லாத வீட்டை என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல."

எவ்லின் அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள். அவன் குடித்தான்.