கோட்டைக்குப் பூட்டு, எங்களுக்குத் தொப்பி

என் நாத்தனார் திருமானூரில் இருக்கிறாள். நான் அரியலூரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். மாமியார் வீட்டுச் சண்டைகளில் எதிரெதிர் அணியில் நின்ற எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு செல்போன் விளையாட்டு. கல்லை வெட்டி அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டு. அதை யாரும் எங்களுக்கு ஓசியில் தரவில்லை. ஆளுக்கொன்று முழு விலை கொடுத்து வாங்கினோம்.

பெரம்பலூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது ரஞ்சன்குடிக் கோட்டையில் ஏறினோம். மூச்சு வாங்க மேலே நின்றவள், "அண்ணி, இதை நாம கட்டுவோமா?" என்றாள்.

கட்டினோம். மதில், அகழி, கொத்தளம் எல்லாமே வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லில். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே கட்டுவோம். இடையில் அவளுக்குக் கரு கலைந்தது. அந்த மாதங்களில் அவள் அதிகம் பேசவில்லை. சுவர் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. உச்சியில் சின்னதாக ஓர் அறை கட்டி, ஜன்னலோரம் பூச்செடி வைத்தாள். அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போன் வந்தது.

"அண்ணி, நம்ம கோட்டைக்குள்ள போவ முடியல. பூட்டு தொங்குது. சுண்ணாம்புக்கல்லு இனிமே பிரீமியமாம். மாசாமாசம் காசு கட்டணுமாம்."

அரியலூர்க்காரியிடம் சுண்ணாம்புக்கல்லுக்குக் காசு! என் வாசலில் நாள் முழுக்க லாரி லாரியாகப் போகிறது அந்தக் கல். அதன் தூசியைத் துடைத்தே என் கை தேய்ந்துவிட்டது. நாங்களே கட்டிய கோட்டையை வெளியில் நின்று பார்க்கலாம், நுழையக் கூடாதாம்.

உலகம் முழுக்க இதை விளையாடுபவர்கள் திட்டித் தீர்த்ததும் கம்பெனித் தலைவர் வீடியோவில் தோன்றினார். கறுப்புச் சட்டை, பின்னால் ஒரு தொட்டிச் செடி, தொடங்குமுன் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்கு நிச்சயம் ஒத்திகை நடந்திருக்கும். கீழே தமிழில் எழுத்து ஓடியது: 'உங்கள் வலியை நாங்கள் உரிமை கொள்கிறோம்.' வலியையும் விட்டுவைக்கவில்லை.

"யாரு அண்ணி செத்துட்டா?" என்றாள் நாத்தனார். "துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரியே பேசுறான். பூட்டை எப்பத் தொறப்பானாம்?"

அதை மட்டும் அவர் சொல்லவில்லை. மனம் புண்பட்ட எல்லோருக்கும் அன்பளிப்பாக, விளையாட்டில் நம் பொம்மைக்குப் போட ஊதாநிறத் தொப்பி ஒன்று தந்தார். நேற்றுவரை கொதித்த கூட்டம் தொப்பியைப் போட்டுக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கியது. அந்த ஆளைவிட இவர்கள்மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. பூட்டைத் திறக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். 'உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தொப்பி பிடித்திருக்கிறதா?' என்று பதில் வந்தது.

மறுவாரம் நாத்தனார், "நான் காசு கட்டிட்டேன் அண்ணி. நீங்களும் இந்த ஒரு மாசம் மட்டும் கட்டிட்டு உள்ள வாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இவளுமா மயங்கிவிட்டாள்? காசைக் கட்டிவிட்டு உள்ளே போனேன். அவள் கோட்டை உச்சியில், அந்தச் சின்ன அறையின் முன் நின்றிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் கல்லைப் பெயர்த்தாள்.

"என்னம்மா பண்ற?"

"மறுபடி பூட்ட அவனுக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது அண்ணி. கட்டுனது நாமதான? நாமளே பிரிச்சிப்புடுவோம்."

சொல்லிக்கொண்டே அடுத்த கல்லையும் பெயர்த்தாள். நான் மதிலின் மறுமுனையிலிருந்து தொடங்கினேன். பல நாள் மாலைகளில் உட்கார்ந்து, கட்டியபோது போலவே ஊர்க்கதை பேசிக்கொண்டே பிரித்தோம். அந்த அறையைப் பற்றி அப்போதுதான் அவளாகவே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே கல்லைப் பெயர்த்தேன். கடைசியில் வெறும் புல்தரைதான் மிஞ்சியது. இருவரும் விளையாட்டை அழித்தோம். போனில் பேசுவதை மட்டும் விடவில்லை.

கம்பெனி இப்போதும் மெயிலில் மன்னிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. போன மன்னிப்பு சரியாக அமையவில்லையாம், அதற்கும் ஒரு மன்னிப்பு. அவள் திறக்காமலே அழித்துவிடுகிறாள். நான் ஒன்று விடாமல் படிக்கிறேன், வாயாரத் திட்டுவதற்கு.