ஓப்பன் காரும் ஊசிப்போன பெட்ரோலும்

பெட்ரோலும் ஊசிப்போகும் என்று ராஜவேலு சொன்னபோது பொன்னியம்மாள் போட்ட சத்தத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் எல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மறுபடி ஓடின.

"ஊசிப்போறதுக்கு அது இன்னா சாம்பாராடா? டாங்கி நெறைய ஊத்தி, மூடி போட்டு, கொட்டாய்ல பூட்டி வெச்சிருக்குது. ஈ மொய்ச்சுதா, பூனை வாய் வெச்சுதா?"

"மோந்து பாருக்கா" என்று ராஜவேலு, டாங்கிக்குள் விட்டு எடுத்த குச்சியை நீட்டினான். அந்தக் காருக்கு டிரைவர், மெக்கானிக் இரண்டுமே அவன்தான். குச்சியில் பழைய வார்னிஷ் நாற்றம். அன்றைக்கு அந்தத் தெருக் காகங்கள் குடும்பத்தோடு ஓரிக்கைப் பக்கம் குடிபோய்விட்டன. பொன்னியம்மாளின் மூக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தது.

கூரையை மடக்கிவிடும் பெரிய கார் அது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஏற்றி ஊர்கோலம் விடுவதற்கென்றே அவள் புருஷன் துரைக்கண்ணு வாங்கியது. சின்ன காஞ்சிபுரத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அதில் ஏறித்தான் மாப்பிள்ளை ஆனார்கள். துரைக்கண்ணு போன பிறகு ஒரு வருஷத் துக்கத்துக்குக் கார் கொட்டகையிலேயே கிடந்தது. அறுபத்தொன்பதில் தை பிறந்ததும் பிறக்காததுமாகக் கொழுந்தன் அப்பாதுரை வந்து நின்றான்.

"பூவும் பொட்டும் இல்லாத வூட்டுக் காருல எவன் அண்ணி மாப்பிள்ளைய ஏத்துவான்? வித்துடு. ஆளு ரெடியா இருக்கான்."

"ஏன், காரு தாலி கட்டிக்கினு இருந்துதா?" என்றாள் பொன்னியம்மாள். "ஒரு ஊர்கோலம் வுட்டுக் காட்டுறேன். நடுவுல நின்னா நீயே ஓட்டிக்கினு போ."

பந்தயம் கட்டியாகிவிட்டது. வாத்தியார் ஹயக்ரீவன் தம் பெண் கல்யாணத்துக்குக் காரைப் பேசிவிட்டார். பேசி முடித்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தப்பா நெனச்சுக்கப்படாது பொன்னியம்மா. நீங்க மட்டும் ஊர்கோலத்துல தென்படாம இருந்தா தேவலை." மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் அடங்குவதற்குள் ராஜவேலுவின் ஊசல் புராணம். கடைசியில் பழைய பெட்ரோலை இறக்கிவிடச் சம்மதித்தாள். முழுசாக இல்லை.

"டாங்கிய கழட்டிக் கழுவிடலாம்கா."

"அரிசிப் பானையையே நான் துடைச்சு வழிக்க மாட்டேன். அவரு கையால ஊத்துனதுடா. அடியில ஒரு படி நிக்கட்டும். மேல புதுசு ஊத்து."

"அடியிலதாங்கா பிசினு மாதிரி படிஞ்சிருக்குது!"

"புது அரிசி பழசோட சேர்ந்துக்கல? ஊத்துடா சொன்னா."

ஊற்றினான். அவளும் சொன்னபடி ஊர்கோலத்துக்குப் பின்னால், தெரு ஓரமாக, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். நாதஸ்வரம் ராமலிங்கம் தோடியை எடுத்தார். தேரடி தாண்டவில்லை, கார் இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றேவிட்டது.

"தள்ளலாமா?" என்றார் பெண்ணின் மாமா.

"மாப்பிள்ளையைத் தள்ளிண்டா வரது?" என்று சம்பந்தி வீட்டார் கொதித்தார்கள். கூட்டத்தில் அப்பாதுரையின் குரல் தனியாகக் கேட்டது. "அப்பவே சொன்னேனே. ராசியில்லாத காரு."

முக்காடு நழுவியது. பொன்னியம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மாப்பிள்ளைக்கு நேர் எதிரில் போய் நின்றாள்.

"யாருடா ராசியில்லாதது? கெட்டுப்போனது பெட்ரோலு. நான் இல்ல! ராஜவேலு, டாங்கிக் குழாய அத்து வுடு. கேஸ் லைட்டுக்காரங்க எல்லாம் தூரப் போங்க, பத்திக்கினா மாப்பிள்ளை கருகிப்பூடுவாரு!"

மாப்பிள்ளை மாலையோடு எழுந்து நின்றே விட்டார். ராஜவேலு இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பித்தளைத் துண்டைக் கழற்றினான். அதன் ஊசித் துளையில் பிசின் அடைத்திருந்தது. ஊதினான், கண் பிதுங்கியது, துளை திறக்கவில்லை. பொன்னியம்மாள் அதைப் பிடுங்கி ராமலிங்கத்திடம் நீட்டினாள்.

"தோடிக்கு இருக்கிற மூச்சு இதுக்கு இல்லியா, நயினா?"

அவர் நாதஸ்வரச் சீவாளியைத் துடைத்து வைத்தார், பித்தளைத் துண்டை உதட்டில் வைத்தார், ஊதினார். பிசின் பறந்துபோய்த் தேர்க் கொட்டகைத் தகரத்தில் ணங்கென்று பட்டது. திருமுக்கூடல் வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

ராஜவேலு பித்தளைத் துண்டைத் திரும்ப மாட்டினான். புது பெட்ரோல் டின்னிலிருந்து ஒரு ரப்பர் குழாயை நேராக இன்ஜினுக்குக் கொடுத்தான். "இதை ஒசரத் தூக்கிப் புடிச்சாத்தான்கா எறங்கும். நான் ஸ்டேரிங்குல இருக்கணும். யாரு புடிக்கிறது?"

பட்டு வேட்டிகள் எல்லாம் ஒரு அடி பின்வாங்கின. பொன்னியம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன் ஃபுட்போர்டில் ஏறினாள். டின்னைத் தலைக்கு மேல் தூக்கினாள். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அப்பாதுரை குறுக்கே ஓடிவந்தான். "எறங்கு அண்ணி! மாப்பிள்ளைக்கு முன்னால நிக்கிற, ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். நீ காலை எடு, சக்கரம் ஏறிடும்."

அவன் காலை எடுத்துக்கொண்டான். ஹயக்ரீவன் அவளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். பிறகு நாதஸ்வரத்தின் பக்கம் கையைத் தூக்கி, "நிக்காதீங்கோ, வாசியுங்கோ" என்றார். பெட்ரோல் வாயோடு ராமலிங்கம் விட்ட இடத்திலிருந்து தோடியைத் தொடங்க, மாப்பிள்ளைக்கு முன்னால் வெள்ளைப் புடவையில் டின்னைத் தூக்கிக்கொண்டு பொன்னியம்மாள் பெண் வீட்டு வாசல் வரைக்கும் நின்றபடியே போனாள்.