சிலாங்கூர் தென்னை

கிள்ளானில் மதுபான உரிமம் வழங்கும் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ‘உள்ளூர் உற்பத்தியை ஊக்குவிக்கும் பொருட்டு’ என்று தொடங்கும் கடிதம் எதைப் பார்த்தாலும், அந்த உள்ளூர் யாருடைய மச்சான் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

அப்படி ஒரு கடிதத்தோடு, கிள்ளானில் கள்ளுக்கடை நடத்தும் பெண் ஒருத்தி பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தாள். கிள்ளான் இருக்கும் சிலாங்கூர் மாநிலத்து மரத்தில் இறக்கிய கள்ளை மட்டும் விற்றால்தான் உரிமம் புதுப்பிக்கப்படுமாம். அவளுக்குக் கள்ளு வருவது பக்கத்து மாநிலமான பேராக்கிலிருந்து.

“இங்க கள்ளு குடுக்கிறவன் ஒருத்தன்தான் அங்கிள். அவன் வெச்சதுதான் விலை. வாங்கினா ஒண்ணும் மிஞ்சாது, வாங்கலன்னா கடையே இல்ல லா.”

மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு போவது மத்தியக் கூட்டரசின் விவகாரம். உரிம அலுவலகம் நடுவில் வேலி போட அரசியலமைப்பு இடம் தராது என்று விளக்கினேன்.

“அத அவங்ககிட்ட யாரு சொல்றது?”

“நான்தான்.”

உரிம அலுவலகத்தின் நேர்காணலுக்கு முன் கடையைப் பார்க்கப் போனேன். அவள் சொன்ன அந்த உள்ளூர்க்காரன் மாதிரிக் கள்ளுடன் வந்து நின்றான். என்னைக் கேளாமலேயே எனக்கும் ஒரு குவளை ஊற்றினான். அவ்வளவு மரியாதை எனக்கு ஆகாது.

“குடிங்க அங்கிள், நம்ம ஊரு சரக்கு.”

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள். “இது எனக்கு வர்ற கள்ளு மாதிரியே இருக்கே, அண்ணே?”

“கள்ளுன்னா கள்ளுதான் அக்கா.”

நான் கடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அவன் லோரி நின்றது. எண் பலகை ‘ஏ’ என்று தொடங்கியது. அது பேராக்கில் பதிந்த வண்டி. சிலாங்கூர் வண்டியென்றால் ‘பி’ இருக்கும்.

நேர்காணலில் அரசியலமைப்பைப் பற்றிச் சொன்னேன். அதிகாரி தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அப்போதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

“நல்ல கேள்வி. சட்ட ஆலோசகருக்கு அனுப்புகிறோம். பதில் வரும்வரை கடையை மூடி வையுங்கள்” என்றார் மலாயில்.

நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“அனுப்புங்கள். இடையில், அந்த உள்ளூர்த் தோப்பை நேரில் பார்வையிட மனு கொடுக்கிறோம். நிபந்தனை போடுமுன் நீங்கள் போய்ப் பார்த்திருப்பீர்களே, எந்த ஊர்த் தோப்பு?”

அவர் பக்கத்திலிருந்த உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் மின்விசிறியைப் பார்த்தார். தேநீர் வந்தது. தேநீர் முடிவதற்குள் அந்த நிபந்தனை ‘தட்டச்சுப் பிழை’ ஆகியிருந்தது.

உரிமம் கிடைத்தது. வழக்கமாக ஓராண்டுக்குக் கொடுப்பதை ஆறு மாதத்துக்குக் கொடுத்திருந்தார்கள். காரில் அதைக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

“போதும் அங்கிள். ஆறு மாசத்துல அவன் தென்னைய நட்டு வளத்துடுவானா என்ன?”

“தென்னையெல்லாம் நட மாட்டான்மா. லோரிய மாத்துவான்.”