ஜன்னலை மூடு, முடி பறக்கும்

ஊசி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிட்டார்கள். டோப்பா செய்யும் பட்டறையில், வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுவது அவள் வேலை. கையில் இருப்பது கொக்கி ஊசி, வாயில் இருப்பது அதைவிடக் கூரான ஊசி. ஆனால் தம்பி செத்த பிறகு அந்த வாய் திறக்கவேயில்லை. துக்கத்தில் அடங்கிப்போய்விட்டாள் என்று மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். அவள் அடங்கவில்லை. கறுவிக்கொண்டிருந்தாள்.

பட்டறை அவளுடைய சித்தப்பாவினுடையது. அப்பா இளம் வயதிலேயே இருமி இருமிப் போய்ச் சேர்ந்துவிட, அவளையும் தம்பியையும் வளர்த்தவர் அவர்தான். சோறு போட்டதை அவரும் மறக்கவில்லை, அவர்களையும் மறக்கவிடவில்லை. மாடியில் நீளமாக ஒரே அறை. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் எப்போதும் சாத்தியே இருக்கும். காற்று வந்தால், நீளம் பார்த்துப் பிரித்து வைத்த முடியெல்லாம் பறந்து ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் மின்விசிறியும் கிடையாது. அந்த அறையின் நடுவில், தண்ணீர் ஊற்றிய டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சித்தப்பா சிகரெட் பிடிப்பார். ஒன்று அணையுமுன் அடுத்தது எரியும்.

"டோப்பால புகை வாசம் அடிக்காதா முதலாளி?" என்று யாராவது கேட்டால் சிரிப்பார்.

"ரெண்டு தண்ணில அலசிட்டா ஓடிப்போயிடும்!"

முடியை அலசினார்கள். தம்பியின் நெஞ்சை எந்தத் தண்ணீரில் அலசுவது? ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்தறியாதவன் அவன். சித்தப்பாவுக்கு நேர் எதிரே அவன் முக்காலி. "கொஞ்சம் ஜன்னலைத் திறக்கட்டுமா சித்தப்பா?" என்று அவன் கேட்காத நாள் இல்லை. "மூடுடா, முடி பறக்கும்" என்ற பதில் வராத நாளும் இல்லை. நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. கடைசியில், ஊர்த் தலைகளுக்கெல்லாம் முடி வைத்தவன் தன் தலையில் ஒரு மயிரில்லாமல் கிடந்தான்.

பிணத்தின் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் சித்தப்பா அதைச் சொன்னார். அவள் கேட்கவேண்டும் என்றே சொன்னார்.

"இந்த வயசுலயும் நான் ஊதித் தள்றேன். எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கலே? அவன் உடம்பு அப்படி. அதுக்கு யார் என்ன பண்றது?"

அவன் உடம்பு அப்படி! அந்தச் சொல்லை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். வேலையை விட்டுப் போகவில்லை. போனவளை மறந்துவிடுவார்கள், எதிரே உட்கார்ந்திருப்பவளை எப்படி மறப்பது?

சில மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தம்பி உயிரோடு இருந்தபோது எடுத்த ரத்தத்தில் மரபணுவைப் பார்த்திருந்தார்கள். டாக்டரம்மா அவளை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"சிகரெட் புகை உடம்புக்குள்ள போய் மரபணுவைக் கிழிக்கும்மா. அந்தக் கிழிசலைத் தைக்க உடம்புக்குள்ளேயே ஏற்பாடு இருக்கு. உங்க தம்பிக்கு அந்தத் தையல் பிறவியிலேயே மந்தம். பரம்பரையா வர்றது."

"அப்போ... அவன் உடம்பு அப்படிங்கறீங்களா?" என்று கேட்டாள்.

"உடம்பு மட்டும் காரணமில்லை. கிழிசல் விழுந்தாத்தானே தையல் வேணும்? இப்படிப்பட்டவங்க புகைக்குப் பக்கத்துலயே இருந்திருக்கக் கூடாது."

அவளையும் சோதித்தார்கள். அவளுக்கு அது இல்லை. ஒரே வயிறு, ஒரே அறை, ஒரே புகை. தம்பியைத் தின்றது அவளை விட்டுவைத்திருந்தது. அந்த இரவெல்லாம் அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். அப்பாவுக்கும் அதே நோய் என்பதால், இது அப்பா வழியில் வந்திருக்கலாம். சித்தப்பாவுக்கும் அவர் மகனுக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். "நாங்களா அவங்களைத் தேடிப் போய்ச் சொல்லக் கூடாதும்மா. நீங்கதான் சொல்லணும்."

நான்தான் சொல்லவேண்டுமா? சொல்லமாட்டேன். அவள் மனம் முதல்முறையாகக் குளிர்ந்தது.

தம்பியின் முக்காலி காலியாகக் கிடந்தது. சித்தப்பா அதில் தன் ஒரே மகனை, அவள் தோளில் தூக்கி வளர்த்த சின்னவனை, உட்காரவைத்தார். உட்காரட்டும் என்று அவள் பல்லைக் கடித்தாள். அவர் ஊதும் ஒவ்வொரு இழுப்பும் தன் பிள்ளைக்கே போய்ச் சேரட்டும். பிணத்தின் தலைமாட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவரும் பார்க்கட்டும்! சித்தப்பா தீப்பெட்டியைத் தேடியபோது, தானே எடுத்து நீட்டினாள்.

"பரவாயில்லையே, ஊசிக்குக்கூட பாசம் வந்துடுச்சு" என்று அவர் சிரித்தார்.

ஒருநாள் சின்னவன் தன் தோளில் முகத்தைப் புதைத்து இருமினான். எழுந்து ஜன்னலருகே போய், "அப்பா, கொஞ்சம் திறக்கட்டுமா?" என்றான்.

"மூடுடா, முடி பறக்கும்!"

அவள் கையிலிருந்த ஊசி விரலில் ஏறியது. அதே ஜன்னல், அதே கேள்வி. முகம் மட்டும் வேறு. அந்தக் கணத்தில் தம்பி அவளை முறைப்பது போலிருந்தது. இவனைக் கொன்றா எனக்குக் கணக்குத் தீர்க்கப்போகிறாய் அக்கா?

இல்லையடா. இவனைப் பறித்துக்கொண்டு தீர்க்கிறேன்.

அவனை மாடிப்படிக்கு இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். தீப்பெட்டி எடுத்துக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. சின்னவன் படியில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "ஆஸ்பத்திரிக்கு நீயும் வர்றியா அக்கா?" என்றான்.

சோதனை முடிவு வந்தது. அவனுக்கும் இருந்தது.

அன்று பட்டறையில் எல்லோர் முன்னிலையிலும் அவள் வாய் திறந்தது.

"சித்தப்பா, என் தம்பி உடம்பு எப்படின்னு சொன்னீங்க?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"அதே உடம்புதான் சின்னவனுக்கும். எங்கப்பா கிட்டேருந்து தம்பிக்கு, உங்ககிட்டேருந்து இவனுக்கு. அப்போ உங்க உடம்பும் அதுதான்! நீங்க குத்துக்கல் இல்லே சித்தப்பா. இதுவரைக்கும் தப்பிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

"பொய் சொல்றா! சோறு போட்டு வளர்த்ததுக்கு எனக்கே குழி பறிக்கறா!"

"பொய்யில்லேப்பா" என்றான் சின்னவன். "நான் கிளம்பறேன்."

அவர் விரலிடுக்கில் சிகரெட் தானாக எரிந்து சாம்பலாயிற்று.

அடுத்த தெருவில் சின்னவன் பட்டறை போட்டான். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருந்தன. பிரித்த முடியை முள் பதித்த இரண்டு பலகைகளுக்கு நடுவில் அழுத்தி வைத்தால் எவ்வளவு காற்றடித்தாலும் ஒரு இழை அசையவில்லை. இரண்டு துண்டுப் பலகை. தம்பியின் உயிர் அவ்வளவுக்குத்தான் போயிருந்தது. வேலையாட்கள் ஒவ்வொருவராக இங்கே வந்துவிட்டார்கள். சின்னவனின் இருமலும் மெல்ல நின்றது. வருஷா வருஷம் சோதனைக்கு அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒருநாள் பழைய பட்டறையைக் கடந்தபோது மேலே ஜன்னல் திறந்திருந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்தார். பின்னால் அறை வெறிச்சென்று கிடந்தது. உதட்டில் சிகரெட் இல்லை.

"ஊசி! விட்டுட்டேன்டி. எல்லாத்தையும் விட்டுட்டேன். மேல வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போயேன். சின்னவனையும் கூட்டிட்டு வாயேன்."

அவள் நின்றாள். அண்ணாந்து, அவர் கண்ணுக்குள் பார்த்தாள்.

"ஜன்னலை மூடுங்க சித்தப்பா. முடி பறக்கும்."